கதவுக்குப் பின்னால் இருபத்திரண்டு நிமிடம்

உங்கள் வயிறு வலிக்கிறது என்ற ஒரே காரணத்துக்காக, முன்பின் தெரியாத ஒரு மனிதனைச் சிறைக்கு அனுப்புவீர்களா? "மாட்டேன்" என்று அவசரப்பட்டுச் சொல்லாதீர்கள். இந்த நிமிடம் உங்கள் வயிறு சும்மா இருக்கிறது. வயிறு சும்மா இருக்கும்போது எல்லாரும் நியாயவான்கள்தான்.

பெர்னடெட் ஹ்ருஷ்காவுக்கு அந்த வசதி கிடையாது. எங்கள் பக்கத்து வீட்டுக்காரி. பென்சில்வேனியாவின் மேற்கு மலைப்பகுதியில் இருக்கும் இந்தச் சிற்றூரில் எல்லாருக்கும் அவள் பெர்னி. பதினேழாம் எண் பள்ளிப் பேருந்தை ஓட்டுகிறாள். பனி உறைந்த மலைச்சாலையில் நாற்பது பிள்ளைகளோடு இறங்கும்போதும் கை நடுங்காதவள். ஆனால் அவள் பெருங்குடலின் உட்சுவரில் பல வருடங்களாகப் புண். மருந்துக்குச் சில மாதம் அடங்கும். பிறகு காரணமே இல்லாமல் சீறும். சீறினால் இரத்தமாகப் போகும். முதல் வலிக்கும் மானம் போவதற்கும் இடையே தனக்கு நான்கு நிமிடம் உண்டு என்று அவள் அளந்து வைத்திருந்தாள். பேருந்து போகும் வழியில் எந்தக் கழிப்பறை எத்தனை மணிக்குத் திறந்திருக்கும் என்பது அவளுக்கு மனப்பாடம். பிள்ளைகள் வண்டியில் இருக்கும்போது ஓட்டுநர் இறங்கக் கூடாது என்பது விதி. அதனால் காலை ஓட்டம் முடியும்வரை ஒரு வாய் தண்ணீர்கூடக் குடிக்கமாட்டாள்.

இது தெரிந்தவர்கள் அவள் கணவன் ரே, அவளுடைய மருத்துவர், என் மனைவி, என் மனைவி வழியாக நான். பேருந்துகளை நடத்தும் ஒப்பந்தக்காரருக்குத் தெரியாது. ஓட்டுநர்கள் நிரப்பித் தரும் உடல்நலப் படிவத்தில் குடல் நோய் உண்டா என்ற கேள்விக்கு எதிரே, ஒவ்வொரு முறையும் "இல்லை" என்று எழுதிக் கொடுத்திருந்தாள். அது பொய். அந்தப் பொய்யை நான் நியாயப்படுத்தவில்லை. தன் சர்க்கரை நோயையும் முழங்கால் வலியையும் விருந்து மேசையில் உட்கார்ந்து பெருமையாகப் பேசுகிற ஊர், குடல் நோய்க்கு மட்டும் ஏன் வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்கிறது என்றுதான் கேட்கிறேன்.

பத்து வருடத்துக்கு முன், ஒரு நவம்பர் மாதம், ஜூரிக் கடமைக்கு, அதாவது வழக்கைக் கேட்டுத் தீர்ப்புச் சொல்லும் பன்னிரண்டு ஊர்க்காரர்களில் ஒருத்தியாக உட்கார, வரச் சொல்லி அவளுக்கு மாவட்ட நீதிமன்றத்திலிருந்து தாள் வந்தது. விலக்குக் கேட்டு மருத்துவர் நான்கு வரி எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். அதைக் கைப்பையில் வைத்துக்கொண்டு போனாள். பையில் மாற்று உள்ளாடை, ஈரத் துடைப்பான்கள், வாய் கட்டிய பிளாஸ்டிக் பை, கடைசியாக இந்தக் கடிதம்.

அறுபது பேர் அடைந்து கிடந்த கூடத்தில் நீதிபதி கேட்டார். வெள்ளைத் தலைமுடி, கறாரான குரல் கொண்ட அம்மாள். "உடம்பு முடியாததால ஜூரில உக்கார இயலாதவங்க யாராவது இருந்தா கையைத் தூக்குங்க."

ஒரு கிழவர் கையைத் தூக்கினார். என்னவென்று கேட்டார்கள். "மூத்திரப் பை சொன்ன பேச்சு கேக்கறதில்லம்மா. எம் பொண்டாட்டி மாதிரியே," என்றார். கூடம் குலுங்கியது. அவரை அனுப்பிவிட்டார்கள். அவரும் சிரித்துக்கொண்டே போனார்.

பெர்னியின் கை பைக்குள் கடிதத்தைப் பிடித்திருந்தது. இரண்டு வரிசைக்கு முன்னால் ஒப்பந்தக்காரரின் தங்கை உட்கார்ந்திருந்தாள். தனியாக வந்து சொல்கிறேன் என்று கேட்டிருக்கலாம்; நீதிபதி சம்மதித்திருப்பார். பெர்னிக்கு அது தோன்றவில்லை. அவளுக்குத் தோன்றியதெல்லாம் அந்தச் சிரிப்பு தன் பக்கம் திரும்பினால் என்ன ஆகும் என்பதுதான். கை மேலே வரவில்லை. மதியத்துக்குள் அவள் ஜூரிக் கூண்டில் ஐந்தாவது நாற்காலியில் இருந்தாள். கதவுக்குப் போக நான்கு ஜோடி முழங்கால்களைத் தாண்ட வேண்டும். முதல் வேலையாக அதைத்தான் எண்ணினாள்.

வழக்கு எளியது. நெடுஞ்சாலையோரம் ஒரு பெட்ரோல் பங்க், அதோடு ஒட்டிய கடை. பட்டப்பகலில் சரக்கறைக்குள் போன கடைக்காரரை யாரோ பின்னாலிருந்து மண்டையில் அடித்துப் போட்டுவிட்டு, கல்லாவைக் காலி செய்துவிட்டார்கள். அடித்தவன் முகத்தை அவர் பார்க்கவில்லை. கடைக்குள் இருந்த ஒரே கேமராவில் பதிவானது இது: ஷேன் மெக்கெல்ராய் என்ற இருபத்துமூன்று வயது மரப்பட்டறைத் தொழிலாளி உள்ளே வருகிறான், கழிப்பறைக்கும் சரக்கறைக்கும் பொதுவான நடைக்குள் திரும்புகிறான், இருபது நிமிடம் கழித்துத்தான் வெளியே வருகிறான். அடி விழுந்தது அந்த இருபது நிமிடத்துக்குள். நடையின் கோடியில் பின்கதவு ஒன்று உண்டு. அதைப் பார்க்கக் கேமரா கிடையாது. பணம் அவனிடம் கிடைக்கவில்லை. வயிறு சரியில்லை, கழிப்பறையில் இருந்தேன், வெளியே வந்தபோது கடையில் ஆளில்லை, கிளம்பிவிட்டேன் என்பது அவன் வாக்குமூலம்.

அரசு வழக்கறிஞர் ஜூரிக்கு முன்னால் வந்து நின்று, இரண்டு கைகளையும் விரித்தார். "இருபது நிமிஷம்! ஒரு பெட்ரோல் பங்க் பாத்ரூம்ல! நீங்களும் நானும் அந்த மாதிரி இடத்துக்குப் போயிருக்கோம். உங்கள்ல யாராவது அங்க இருபது நிமிஷம் இருந்திருக்கீங்களா?"

நீதிமன்றம் சிரித்தது. ஷேன் தலையைக் குனிந்துகொண்டான். காது மடல்கள் சிவந்தன. அந்தச் சிரிப்புக்கு வேறு எந்த ஆதாரமும் தேவைப்படவில்லை. ஒருவனைக் குற்றவாளியாக்க அவன் குடலையே சாட்சிக் கூண்டில் ஏற்றிவிட்டார்கள். குறுக்கு விசாரணை செய்ய யாருக்கும் துணிவில்லை.

மூன்று நாள் பெர்னி காய்ந்த ரொட்டியும் வாழைப்பழமும் மட்டும் தின்றாள். நீதிமன்றம் மதியம் தந்த பீட்சாவையும் பச்சைக் காய்களையும் தொடவில்லை. "டயட்டா கண்ணு?" என்று கேட்டாள் பக்கத்து நாற்காலி கோனி, முடிதிருத்தும் கடை வைத்திருப்பவள், மூச்சுவிடாமல் பேசுபவள். பெர்னி ஆமாம் என்று தலையாட்டினாள். வயிறு உறுமும்போதெல்லாம் இருமினாள். ஜலதோஷம் என்று நினைத்துக் கோனி மிட்டாய் கொடுத்தாள்.

புதன்கிழமை பிற்பகல் சாட்சியம் முடிந்தது. பன்னிரண்டு பேரும் சேர்ந்து பேசி, பன்னிரண்டு பேரும் ஒத்துக்கொண்டால்தான் தீர்ப்பு. ஒருவர் இல்லாவிட்டாலும் பேசக் கூடாது என்று நீதிபதி சொல்லி அனுப்பினார். மறுநாள் நன்றித் திருநாள், குடும்பமாகக் கூடி வான்கோழி விருந்து உண்ணும் நாள். வீட்டுக்கு வீடு உறைந்த வான்கோழி பனி இளகிக் காத்திருந்தது. வெள்ளியும் விடுமுறை. இன்று முடியாவிட்டால் திங்கட்கிழமை வர வேண்டும். அந்தத் திங்கட்கிழமை ஆண் மான் வேட்டை தொடங்கும் நாள். எங்கள் மாவட்டத்தில் அன்று பள்ளிகளையே மூடிவிடுவார்கள். நீதிபதி வேட்டைக்குப் போகாதவர் என்பது ஜூரியின் கெட்ட நேரம்.

ஜூரி அறைக்குள் நுழைந்ததுமே பெர்னி கழிப்பறையைத் தேடினாள். நீண்ட மேசை, பன்னிரண்டு நாற்காலி. மூலையில், மேசையிலிருந்து ஆறடியில், ஒரு மெல்லிய கதவு. அறைக்கென்று இருந்த ஒரே கழிப்பறை அதுதான். உள்ளே மின்விசிறி ஓடவில்லை. லாரி மெக்கானிக் பீட் முதலில் போய்விட்டு வந்தார். வெளியே இருந்தவர்களுக்கு அவர் பெல்ட் கொக்கியின் சத்தம்கூடக் கேட்டது.

இரும்புச் சாமான் கடை நடத்தி ஓய்வுபெற்ற டேலைத் தலைவராக்கினார்கள். "முதல்ல ஒரு ஜெபம் பண்ணிருவோம்," என்றார் டேல்.

"சுருக்கமா பண்ணு டேல். ஆண்டவருக்கும் திங்கக்கிழமை மானுக்குப் போகணும்," என்றார் பீட்.

ஆண்டவர் வழிகாட்டட்டும் என்று கேட்டுக்கொண்டார்கள். அதற்குப் பிறகு சாட்சியத்தைப் பற்றிப் பேசிய நேரம் ஜெபத்தைவிடக் கொஞ்சம்தான் அதிகம். குற்றவாளி என்பவர்கள் கை தூக்குங்கள் என்றார் டேல். பதினொரு கைகள் எழுந்தன.

"பெர்னி?"

"எனக்கு உறுதியாத் தெரியல."

"எது தெரியல?"

"அந்த இருபது நிமிஷம்."

"அதுதாம்மா விஷயமே!" என்று பீட் மேசையைத் தட்டினார். "அந்த நாத்தத்துல எவன் இருபது நிமிஷம் உக்காருவான்? நான் மூக்கைப் பிடிச்சுட்டுப் போயி, பிடிச்ச கையை எடுக்காமலே திரும்பி வர்றவன்."

"எங்க மாமியா உக்காருவா," என்றாள் கோனி. "குறுக்கெழுத்து முடியற வரைக்கும் வரமாட்டா."

எல்லாரும் சிரித்தார்கள். நான் உட்காருவேன் என்று பெர்னி சொல்லியிருக்க வேண்டும். சொல்ல வாயெடுத்தாள். அதற்குள் இடுப்புக்குக் கீழே இடதுபுறம் அந்த முதல் திருகல் வந்துவிட்டது. நான்கு நிமிடம். மூன்று நாள் பட்டினியால் வாங்கி வைத்திருந்த அமைதி அவ்வளவுதான். ஆறடி தூரத்தைப் பதினொரு ஜோடிக் கண்களும் பார்க்க நடந்து, மெல்லிய கதவைச் சாத்தித் தாழிட்டாள்.

உள்ளே அவள் செய்ததெல்லாம் பழகிப்போன வேலைகள். சத்தம் தெறிக்காமல் இருக்க, தண்ணீரின்மேல் காகிதத்தை அடுக்கினாள். குழாயைத் திறந்துவிட்டாள். வலி அலையலையாக வந்தது. முன்னங்கையைக் கடித்துக்கொண்டாள். கீழே சிவப்பு. குழாய்ச் சத்தத்தையும் மீறி வெளியே பேச்சு கேட்டது. கேட்கிறதென்றால் தன் சத்தமும் அவர்களுக்குக் கேட்கிறது என்று பொருள். அந்த நினைப்பு வலியைவிட மோசமாக இருந்தது என்று பின்னால் சொன்னாள்.

"நேரம் ஓடுதே டேல்," இது பீட்.

"அவ இல்லாம பேசக் கூடாதுன்னு நீதிபதி சொன்னாங்களே?" இது கோனி.

"அவ எங்க போயிட்டா? இந்த அறைக்குள்ளதான இருக்கா? பன்னெண்டு பேரும் ஒரே அறையில இருக்கணும், இருக்கோம். கதவு தொறந்திருந்தா என்ன, மூடியிருந்தா என்ன?"

கழிப்பறை ஜூரி அறைக்குள்ளேயே இருப்பதால், கழிப்பறைக்குள் இருப்பவளும் மேசையில் இருப்பவள்தான். இப்படி ஒரு சட்ட விளக்கத்தை, மான் வேட்டைக்கு ஐந்து நாள் முன்னால், எங்கள் ஊர்க்காரர்களால் மட்டும்தான் கண்டுபிடிக்க முடியும். ஒருவரும் மறுக்கவில்லை.

கதவில் தட்டல். "பெர்னி, டேல் பேசறேன். எங்க தீர்ப்புக்கு ஒத்துக்கறியா? வேணாம்னா வாயைத் தொறந்து சொல்லிடு."

அவள் வாயைத் திறக்கவில்லை. திறந்தால் வரப்போவது சொல் இல்லை, முனகல் என்று அவளுக்குத் தெரியும். பல்லைக் கடித்துக்கொண்டு சுவரைப் பார்த்தாள்.

"வேணாம்னு சொல்லல," என்றார் டேல் மற்றவர்களிடம். தீர்ப்பு தயார் என்று சேவகரைக் கூப்பிடும் அழைப்புமணி ஒலிப்பது கேட்டது.

முகம் கழுவி அவள் வெளியே வந்தபோது பதினொரு பேரும் மேல்கோட்டைப் போட்டுக்கொண்டு நின்றார்கள். நீதிமன்றச் சேவகர் கதவைத் திறந்து பிடித்திருந்தார். தீர்ப்புத் தாள் டேலின் கையில். கோனி அவள் தோளை அணைத்து, "முடிஞ்சுதுடி கண்ணு, வீட்டுக்குப் போயிரலாம்," என்றாள். முடியவில்லை என்று அந்த இடத்தில் சொல்லியிருக்கலாம். சொன்னால் மறுபடி அந்த மேசை, அந்தக் கதவு. வீட்டுக்கு இருபத்தைந்து நிமிடம். வீட்டில் தாழ்ப்பாள் உள்ள ஒரு கழிப்பறை, பக்கத்தில் யாருமில்லாத கழிப்பறை. கால்கள் தாமாகவே வரிசையில் நடந்தன.

டேல் எழுந்து "குற்றவாளி" என்று வாசித்தார். ஷேனின் பின்னால் ஒரு பெண் வாயைப் பொத்திக்கொண்டாள். அவ்வளவுதான், எல்லாம் முடிந்தது என்று பெர்னி கண்ணை மூடினாள். அப்போது ஷேனின் வக்கீல், சோர்ந்துபோன ஒரு மனிதர், பாதி எழுந்து, "ஜூரியை ஒவ்வொருவராகக் கேட்க வேண்டுகிறேன்," என்றார். இதுவும் இங்கே வழக்கம்தான். நூற்றில் தொண்ணூற்றொன்பது முறை வெறும் சடங்கு. எழுத்தர் தாளைப் பார்த்தபடி வாசிப்பார். பன்னிரண்டு பேரும் ஆமாம் போடுவார்கள்.

"எண் ஒன்று. இது உங்கள் தீர்ப்பா?"

"ஆமா."

பெர்னி கண்ணைத் திறந்தாள். இதை அவள் எதிர்பார்க்கவில்லை.

"எண் இரண்டு. இது உங்கள் தீர்ப்பா?"

"ஆமாங்க."

வயிற்றில் மறுபடியும் திருகல். நான்கு நிமிடம். ஆமாம் என்றால் நான்கு நிமிடத்துக்குள் வெளியே போய்விடலாம். இல்லை என்றால் எத்தனை கண்கள் திரும்பும், யார் யார் கேட்பார்கள், என்ன பதில் சொல்வது, படிவத்தில் எழுதிய "இல்லை"கள், பதினேழாம் எண் பேருந்து. எல்லாம் ஒரே நேரத்தில் தலைக்குள் மோதின.

"எண் மூன்று?" ஆமாம். "எண் நான்கு?" கோனி. ஆமாம்.

ஷேன் யாரையும் பார்க்கவில்லை. மேசையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான். காது மட்டும் அதே சிவப்பு. அந்தச் சிவப்பு அவளுக்குத் தெரியும். முந்தின நொடிவரை அதைக் குற்றத்தின் நிறம் என்று அத்தனை பேரும் படித்தார்கள். அது வெட்கத்தின் நிறம்.

"எண் ஐந்து. இது உங்கள் தீர்ப்பா?"

அவள் உதடு அசைந்தது. "கேட்கவில்லை, அம்மா," என்றார் எழுத்தர்.

"இல்ல," என்றாள் பெர்னி. "என்னோடது இல்ல. நான் பாத்ரூம்ல இருந்தப்ப எழுதினது."

எழுத்தர் தாளிலிருந்து தலையைத் தூக்கினார். அந்த நாள் முழுக்க அவர் தூக்கியது அதுதான் முதல்முறையாம்.

அப்புறம் அவள் பையைத் திறந்து, மூன்று நாளாக மடிந்து கசங்கியிருந்த கடிதத்தைச் சேவகரிடம் நீட்டினாள். நீதிபதி அதைப் படித்து, இரண்டு தரப்பு வக்கீல்களிடமும் காட்டி, அவளை அருகே அழைத்துக் குரலைத் தாழ்த்திக் கேட்டார்: "உங்களால தொடர முடியுமாம்மா? முடியலன்னா தப்பே இல்ல."

"முடியும். நான் உள்ள போனா இவங்க பேச்சை நிறுத்தணும். அவ்வளவுதான்."

"இப்ப போகணுமா?"

"உடனே போகணும்."

அவள் நீதிபதியின் சொந்த அறைக் கழிப்பறைக்குப் போய்விட்டு வரும்வரை மொத்த நீதிமன்றமும் காத்திருந்தது. பிறகு நீதிபதி டேலைப் பார்த்துச் சொன்னார்: "பன்னிரண்டு பேரும் மேசையைச் சுற்றி இல்லாத நேரத்துல ஒரு வார்த்தைகூடப் பேசக் கூடாது. கழிப்பறை மேசை ஆகாது." யாரோ சிரித்தார்கள். பெர்னிக்கு முகம் எரிந்தது. ஆனால் உயிர் போகவில்லை. அது அவளுக்கே ஆச்சரியம்.

மறுபடி அதே அறை. யாரும் கோட்டைக் கழற்றவில்லை. "என்ன பெர்னி இது?" என்று டேல் குமுறினார். "ஊரே பாக்க என் மானத்தை வாங்கிட்டியே!"

"டேல், நான் உள்ள எவ்வளவு நேரம் இருந்தேன்?"

"எனக்கென்ன தெரியும்?"

"இருபத்திரெண்டு நிமிஷம்," என்றார் பீட் கடுப்பாக. "நான் பாத்துட்டேதான இருந்தேன்."

"அந்த இருபத்திரெண்டு நிமிஷத்துல நான் எந்தக் கடையக் கொள்ளையடிச்சேன்?"

அவள் சொன்னாள். புண், இரத்தம், நான்கு நிமிடம், நெடுஞ்சாலைப் பெட்ரோல் பங்க் கழிப்பறைகளில் தான் கழித்த மணிகள், எல்லாவற்றையும். நடுவில் நிறுத்தவில்லை. "அவன் அடிக்கலன்னு நான் சொல்லல. எனக்குத் தெரியாது. ஆனா இருபது நிமிஷம் உள்ள இருந்தான்ங்கறது ஒரு குத்தத்துக்கும் சாட்சி இல்ல. நீங்க எல்லாம் காது கொடுத்துக் கேட்டீங்களே, நீங்கதான் சாட்சி."

கோனி கண்ணைத் துடைத்துக்கொண்டு, முதல்முறையாகச் சிரிப்பில்லாமல் கேட்டாள்: "சரி. அந்த இருபது நிமிஷத்தை எடுத்துட்டா, நம்ம கையில அவனுக்கு எதிரா என்ன இருக்கு?"

யோசித்தார்கள். அதை முதலிலேயே யோசித்திருக்க வேண்டும். ஆறு மணிக்குக் கலையும்போது ஐந்து பேர் மாறியிருந்தார்கள். திங்கட்கிழமை காலை, ஊரில் துப்பாக்கிச் சத்தம் கேட்டுக்கொண்டிருக்க, ஆரஞ்சு நிற வேட்டைச் சட்டையோடு வந்து உட்கார்ந்தார் பீட். கேமராப் பதிவை மறுபடி பார்த்தார்கள். பின்கதவைப் பற்றிப் பேசினார்கள். பெர்னி ஒருமுறை உள்ளே போனாள். அவள் திரும்பும்வரை பதினொரு பேரும் பனிபடிந்த சன்னலைப் பார்த்தபடி வாய் மூடி உட்கார்ந்திருந்தார்கள். பத்தரை மணிக்கு, குற்றவாளி இல்லை என்பதற்குக் கடைசி ஆளாகப் பீட் கையைத் தூக்கினார். "எனக்கு இன்னும் அவன்மேல சந்தேகம்தான். ஆனா சந்தேகத்துக்கே உள்ள போடறதுன்னா எம் மச்சான் எப்பவோ போயிருக்கணும்."

ஷேன் வெளியே போனான். அவன்தான் அடித்தானா இல்லையா என்பது இன்றுவரை எனக்குத் தெரியாது. அது தெரியாமல் ஒருவனைப் பூட்டக் கூடாது என்பது மட்டும் தெரியும்.

வழக்கு முடிந்தால் ஜூரிகள் பேசலாம்; பேசினார்கள். வாரத்துக்குள் ஊருக்கே தெரிந்தது. பெர்னி தானே போய்ப் படிவத்தைத் திருத்திக் கொடுத்தாள். ஒப்பந்தக்காரர் ஆறு வாரம் வண்டியைப் பறித்துக்கொண்டார். மருத்துவர் எழுதிக் கொடுத்த பிறகு திருப்பித் தந்தார். இரண்டு வீடுகள் பிள்ளைகளை வேறு பேருந்துக்கு மாற்றின. மாற்றட்டும். தீயணைப்பு நிலையத்துக்காரர்கள் தங்கள் கழிப்பறைச் சாவி ஒன்றை அவளுக்குக் கொடுத்திருக்கிறார்கள். பயம் போகவில்லை என்கிறாள். இன்றும் காலையில் தண்ணீர் குடிப்பதில்லை.

உங்களிடம் ஒன்று கேட்கிறேன். ஜூரி அறையாக இருக்க வேண்டியதில்லை. பஞ்சாயத்தோ, சங்கக் கூட்டமோ, உங்கள் வீட்டுக் கூடமோ, ஒருவரின் தலைவிதியை முடிவுசெய்யும் எந்த இடமாகவும் இருக்கட்டும். நடுவில் ஒருவர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு எழுந்து போனால், பேச்சை அங்கேயே நிறுத்துங்கள். சிரிப்பவரைச் சிரிக்க விடாதீர்கள். மூடிய கதவைத் தட்டிச் சம்மதம் கேட்காதீர்கள். அவர் திரும்பி வந்து உட்காரும்வரை, எத்தனை நிமிடமானாலும், வாயை மூடிக்கொண்டு காத்திருங்கள்.